கழுத்துப் பாட்டு

சிசிலியின் கையில் கரித்துண்டு உடைந்தது. உடைந்ததில் பெரிய துண்டைப் பொறுக்கிக்கொண்டு, நியூகேட் சிறையின் ஈரத் தரையில் அதே எழுத்தை மறுபடியும் போட்டாள்.

"இது என்ன?"

"வில்லு" என்றான் அம்ப்ரோஸ்.

"நாண் ஏத்தின வில்லு. சரி. வில்லைப் பார்த்தா என்ன சொல்லணும்?"

அவன் எழுத்தின் மேல் விரலை ஓட்டினான். "முதல்ல சொன்னியே, அதுவா?"

"நாளைக்குக் காலையில விசாரணை. இப்படி 'அதுவா'ன்னு கேட்டுக்கிட்டு நின்னா மத்தியானம் தூக்குல தொங்குவீங்க."

நான் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் பீர் குடுவையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்ப்ரோஸும் நானும் பத்து வருஷமாக ஒரே நாடகக் கம்பெனி. அவன் ராஜா, நான் கோமாளி. தேம்ஸுக்குத் தெற்கே எங்கள் கொட்டகையில் அவன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு அழுதால் மீன்காரிகள் முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள். அப்படிப்பட்டவன் தரையில் உட்கார்ந்து எழுத்துப் பழகுகிறான்.

"என்ன கூத்து இது?" என்றேன்.

"கதவைச் சாத்துங்க, ஜாஸ்பர் அண்ணே" என்றாள் சிசிலி. நிமிரவில்லை. "இவருக்குப் படிக்கத் தெரியாது."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தான்.

எங்கள் தொழிலில் ஒருவனுக்கும் முழு நாடகத்தையும் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிடுவான் என்ற பயம். அவனவன் வசனத்தை மட்டும் ஒரு நீளச் சுருளில் எழுதித் தருவார்கள். எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று வார்த்தைகள் அதில் இருக்கும். அதைக் கேட்டதும் நாம் ஆரம்பிக்க வேண்டும். அம்ப்ரோஸ் சுருளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவான். மறுநாள் ஒரு சொல் பிசகாமல் வந்து நிற்பான். வீட்டில் பெண்டாட்டி சிசிலி படித்துக் காட்டியிருக்கிறாள். அவன் காதால் கேட்டே உருப்போட்டிருக்கிறான். பத்து வருஷம். எங்களில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஏன்டா, என்கிட்டகூடச் சொல்லலியே?"

"உன்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். நீ கோமாளி. ரகசியத்தை மேடையில வெச்சுக் கைதட்டு வாங்குவே."

அது உண்மை என்பதால் ரொட்டியை நீட்டினேன்.

போன வியாழக்கிழமை நாடகம் முடிந்து அவன் வீடு வரைக்கும் ஒன்றாகத்தான் நடந்தோம். அவன் மாடி ஏறினான். நான் கீழே ரொட்டிக்கடைக்காரியிடம் வம்பளந்துகொண்டிருந்தேன். சற்று நேரத்தில் மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. அம்ப்ரோஸ் நின்றான். கையில் கத்தி, சட்டையில் ரத்தம். "மேட்லாக்கைக் குத்திட்டேன். காவலரைக் கூப்பிடுங்க" என்றான். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். தெருவே திரும்பிப் பார்த்தது.

மேட்லாக்கைத் தெரியாதவர்கள் எங்கள் பேட்டையில் கிடையாது. போப்பாண்டவர் பக்கம் இன்னும் மனசு சாயும் வீடுகளை மோப்பம் பிடித்து மேலிடத்தில் காட்டிக்கொடுப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு. சிசிலியின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வாலிபத்தில் இத்தாலி வரைக்கும் போய் லத்தீனும் கிரேக்கமும் கற்று வந்தவர். மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். ராஜாவும் ராணியும் மாறும்போதெல்லாம் நாங்கள் ஜெபத்தை மாற்றிக்கொண்டோம். அந்தக் கிழவர் மட்டும் தன் ஜெபமாலையை விடவில்லை. 'மாமனாரைப் பத்தித் தப்பாப் பேசினான், கோபம் வந்துச்சு, குத்திட்டேன்' என்றுதான் அம்ப்ரோஸ் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

கோபத்தில் குத்தினாலும் தூக்குத்தான். ஆனால் ஒரே ஒரு சந்து உண்டு.

அந்தக் காலத்தில் பாதிரிகளைத் தூக்கில் போட ராஜாவின் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. பாதிரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? படிக்கத் தெரிந்தவன் பாதிரி. அவ்வளவுதான் சோதனை. இப்போது போப் போனார், மடங்கள் போயின, ராணியே திருச்சபைக்குத் தலைவி. இந்தச் சலுகை மட்டும் யாரும் துடைக்காத ஒட்டடை மாதிரி மூலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. குற்றவாளியின் கையில் பைபிளில் வரும் சங்கீதங்கள் அடங்கிய லத்தீன் புத்தகத்தைக் கொடுப்பார்கள். படித்தால் கட்டைவிரலில் சூடு போட்டு விட்டுவிடுவார்கள். ஆளுக்கு ஒரு தடவைதான். சூட்டுத் தழும்பு இருந்தால் அடுத்த தடவை கயிறு. வழக்கமாகக் கொடுப்பதும் ஒரே பாட்டு: பாவம் செய்த ராஜா ஒருவன் கருணை கேட்டு அழும் பாட்டு. கழுத்துப் பாட்டு என்று ஊரில் அதற்குப் பெயர். லண்டனில் பாதித் திருடர்களுக்கு அது மனப்பாடம்.

"அப்ப என்ன கவலை?" என்றேன். "இவனுக்கு இல்லாத ஞாபகசக்தியா? கழுத்துப் பாட்டை ஒப்பிச்சிட்டு வந்துட வேண்டியதுதானே."

"அதை நேத்தே ஒப்பிச்சிட்டாரு" என்றாள் சிசிலி. "காவல்காரர்கிட்டக் கேளுங்க."

சிறைக்காவலன் ஹாப்கின் கம்பிக்கு வெளியே இருந்து ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

"பிஷப்பு புதுப் பாதிரியை அனுப்பியிருக்காரு" என்றான் மென்றுகொண்டே. "பொல்லாத ஆளு. போன விசாரணையில ஒரு குதிரைத் திருடன். புஸ்தகத்தை வாங்கினான், கண்ணு கலங்கக் கலங்கக் கழுத்துப் பாட்டைப் பாடினான். என்னா உருக்கம்ங்கிறே. பாதிரி சிரிச்சாரு. 'நான் திறந்து வெச்சது வேற பாட்டு, தம்பி'ன்னாரு. அன்னிக்கே முடிச்சிட்டாங்க."

"எந்தப் பாட்டை வேணும்னாலும் திறப்பாரா?"

"பாவமன்னிப்புப் பாட்டு ஏழு இருக்காமே. அந்த ஏழுல ஒண்ணுதான். எதுன்னு அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்."

ஏழுதானே என்று எனக்கு உயிர் வந்தது. ஏழையும் உருப்போட அவனுக்கு ஒரு சாயங்காலம் போதும். முதல் எழுத்தைப் பார்த்து எது என்று கண்டுபிடித்தால் முடிந்தது.

"ஏழுல அஞ்சு இந்த வில்லுலதான் ஆரம்பிக்குது" என்றாள் சிசிலி.

நான் பீரைக் குடித்துவிட்டேன். அவனுக்காகக் கொண்டு வந்தது.

அவள் அப்பாவின் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். இத்தாலியில் அச்சடித்தது. இப்போது நாகரிகமாகிவிட்ட வட்டமான, தெளிவான எழுத்து. வில்லை அடுத்து எந்த எழுத்து வந்தால் எந்தப் பாட்டு என்று ஒவ்வொன்றாகத் தரையில் போட்டாள். வில்லும் முட்டையும். வில்லும் சீப்பும். கழுத்துப் பாட்டு மட்டும் இரட்டைக் கோபுரம். அம்ப்ரோஸ் திணறினான். காதால் கேட்டதை ஒரே தடவையில் பிடிக்கிறவன், கண்ணால் பார்த்ததை அடுத்த நொடியில் நழுவவிட்டான்.

கடைசியில் கரியைப் பிடுங்கி வைத்துவிட்டான். "இப்படி எனக்கு ஏறாது, சிசிலி. யாரு பேசறா? யாருகிட்டப் பேசறா? என்ன பண்ணிட்டு வந்து பேசறான்? அதைச் சொல்லு."

"அதுக்கெல்லாம் நேரமில்லைங்க."

"ஆளு யாருன்னு தெரியாம நான் ஒரு வசனமும் பேசினதில்லை."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஒருவன் நோயில் படுத்த படுக்கை. ஒருவன் பள்ளத்தில் கிடந்து கூப்பிடுகிறான். ஒருவனை எதிரிகள் துரத்துகிறார்கள். கழுத்துப் பாட்டு ராஜாவுடையது. மாடியில் உலாத்தும்போது குளித்துக்கொண்டிருந்த அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்தான், ஆசைப்பட்டான், புருஷனைப் போருக்கு அனுப்பிக் கொன்றான். பிறகு கிரீடத்தை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டான்.

அம்ப்ரோஸ் கண்ணை மூடிக் கேட்டான். உதடு அசைந்தது. ஏழு ஆட்களும் அவனுக்குள் இறங்குவது எனக்கே தெரிந்தது. பொழுது சாயும்போது ஹாப்கின் சாவிக்கொத்தைக் குலுக்கி எங்களை வெளியே தள்ளினான். அதற்குள் ஏழு பாட்டும் அவன் நாக்கில் இருந்தன. எழுத்து மட்டும் பத்துத் தடவையில் நாலு தடவை தப்பியது.

காலையில் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் நிற்க இடமில்லை. ராஜா வேஷக்காரன் தொங்குவானா பிழைப்பானா என்று பார்க்க ஊரே வந்திருந்தது. கூட்டத்தில் கொட்டை உடைத்துத் தின்கிறார்கள், எங்கள் கொட்டகையில் செய்வது போலவே. நானும் சிசிலியும் முட்டி மோதிக் கட்டைத் தடுப்பை ஒட்டி நின்றோம்.

அம்ப்ரோஸுக்கு முன்னால் ஒரு பெண். மார்ஜரி என்று கூப்பிட்டார்கள். லினன் துணி திருடியவள். குற்றவாளி என்று தீர்ப்பானதும் அவள் கையை நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும், எசமான். புத்தகத்தைக் கொடுங்க."

கூட்டம் சிரித்தது. நீதிபதிகூடக் கோபப்படவில்லை. "படிப்பேம்மா, நல்லாவே படிப்பே. ஆனா பெண் பாதிரி ஆக முடியாதே. அந்தச் சலுகை ஆம்பளைக்கு மட்டுந்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தரிடம், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். மார்ஜரியின் கை நீட்டியபடியே இருந்தது. காவலர்கள் அப்படியே திருப்பி நடத்திக்கொண்டு போனார்கள்.

சிசிலி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் சதையில் இறங்கியது. இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்ப்ரோஸின் விசாரணை ரொட்டி வெந்தெடுக்கும் நேரம்கூட ஆகவில்லை. 'நான்தான் குத்தினேன்' என்று அவனே சொல்லிவிட்டான். திட்டமிட்ட கொலை இல்லை, சண்டையில் நடந்தது என்றார்கள் ஜூரிகள். சாவதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

"புத்தகம் கேட்கிறேன், எசமான்."

புதுப் பாதிரி எழுந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். நல்ல சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மேஜையில் இருந்த தடிப் புத்தகத்தைத் தூக்கினார். அதைப் பார்த்ததும் சிசிலியின் மூச்சு நின்றது.

"பழசு" என்றாள். "ஜாஸ்பர் அண்ணே, அது பழைய அச்சு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கோர்ட்டில் இருந்தது ரோமோடு உறவு முறிவதற்கு முன்னால் அச்சான புத்தகம். போப் என்று வருகிற இடமெல்லாம் மை பூசி அடித்திருப்பார்கள். புத்தகத்தை மாற்ற மாட்டார்கள். அதில் இருப்பது முள்வேலி மாதிரியான கறுப்பு எழுத்து. அவள் பழக்கியது இத்தாலிய வட்ட எழுத்து. இரண்டும் ஒரே எழுத்து என்று படித்தவனுக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?

பாதிரி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். திறந்த புத்தகத்தை அம்ப்ரோஸின் கையில் வைத்தார்.

"படி."

அம்ப்ரோஸ் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பத்து வருஷம் கூட நடித்தவன் என்பதால் எனக்குத் தெரியும்: வசனம் மறந்துபோன நடிகனின் முகம் அது. பயத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும் முகம்.

அவன் கண்டதைப் பிற்பாடு என்னிடம் சொன்னான். பக்கத்தின் தலையில் கோபுரம் இல்லை. உருண்டையாக, கொடி சுற்றிய ஒரு பெரிய எழுத்து. வில்லைப் போலத்தான் இருந்ததாம். அடுத்த எழுத்து முட்டையா சீப்பா என்று தேடினான். எல்லாமே முள். வில்லுப் பாட்டு ஐந்தில் ஒன்றைச் சொல்ல வாயெடுத்துவிட்டான்.

"படிக்கிறியா, இல்லை முடிச்சிடலாமா?" என்றார் பாதிரி.

கூட்டத்தில் கொட்டை உடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் அந்த உருண்டை எழுத்துக்குள் ஒரு படம் இருப்பதை அம்ப்ரோஸ் பார்த்தான். கட்டைவிரல் அளவுக் குட்டிப் படம். ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். நோயாளியாக இருக்கலாம், துரத்தப்பட்டவனாகவும் இருக்கலாம். ஆனால் கிரீடம் தலையில் இல்லை. பக்கத்தில், தரையில். பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் தொட்டி. தொட்டியில் தலைமுடியை அவிழ்த்துவிட்ட ஒரு பெண்.

அம்ப்ரோஸ் முதல் வரியைச் சொன்னான்.

கழுத்துப் பாட்டு. பழைய அச்சில் இரட்டைக் கோபுரத்தையும் உருண்டையாகத்தான் போடுவார்கள். எல்லாரும் புதுப் பாட்டைப் பயந்து உருப்போட்டு வருவார்கள் என்று தெரிந்து, பாதிரி பழையதையே திறந்து வைத்திருக்கிறார்.

இரண்டாம் வரி. மூன்றாம் வரி. அவன் குரல் அந்தக் கூடத்தின் மூலைக்கெல்லாம் போனது. லத்தீன் தெரியாத பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. அழுகைச் சத்தம் கேட்டதும் அந்த மடையன் நடிகன் ஆகிவிட்டான். புத்தகத்தை மார்போடு இறக்கி, முகத்தைத் தூக்கி, கூட்டத்தைப் பார்த்தே நாலாம் வரியைப் பேசினான்.

"நிறுத்து" என்றார் பாதிரி.

அம்ப்ரோஸ் நிறுத்தினான்.

"புத்தகம் கீழே இருக்கு. கண்ணு மேலே இருக்கு. எதைப் படிக்கிறே?"

சிசிலியின் உதடு வெளுத்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, கோமாளிக் குரலில் கத்தினேன்: "அவன் எப்பவும் அப்படித்தான், சாமி. படிச்சிட்டு இருக்கும்போதே பொம்பளைங்களைப் பார்ப்பான். பெண்டாட்டியே இங்க நின்னு பார்த்துக்கிட்டிருக்கா."

கூடம் சிரிப்பில் குலுங்கியது. நீதிபதியின் வாயும் ஒரு பக்கம் கோணியது. பாதிரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மேஜையைச் சுற்றி வந்து, அம்ப்ரோஸின் கையில் இருந்த புத்தகத்தின் நடுவில் விரலை வைத்தார்.

"இங்கேருந்து."

சிரிப்பு அறுந்தது.

அம்ப்ரோஸ் அந்த விரலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பாதிரியின் புருவம் மெல்ல ஏறிக்கொண்டே போனது. நான் சிசிலியைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

பழைய அச்சுக்காரர்கள் ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு எழுத்தைச் சிவப்பு மையில் போடுவார்கள். அம்ப்ரோஸ் சிவப்பை எண்ணினான். மேலிருந்து கீழே, ஒவ்வொரு சிவப்புக்கும் மனசுக்குள் ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே, அவர் விரல் வரைக்கும் வந்தான். வந்து சேர்ந்த வரியை உரக்கச் சொன்னான். இந்தத் தடவை தலையைக் குனிந்தபடி, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி, தட்டுத் தடுமாறிச் சொன்னான். பத்து வருஷத்தில் அவன் நடித்ததிலேயே அதுதான் சிறந்த நடிப்பு.

பாதிரி விரலை எடுத்தார். இன்னொரு இடத்தில் வைக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. நீதிபதி பசியில் இருந்தார். "படிக்கிறானா இல்லையா, ஐயா?"

"படிக்கிறான்" என்றார் பாதிரி. வாயில் கசப்பு விழுந்தவர் போல.

நெருப்புச் சட்டியில் இரும்பு ஏற்கெனவே பழுத்துச் சிவந்திருந்தது. இடது கட்டைவிரலில் வைத்தார்கள். அம்ப்ரோஸ் போட்ட சத்தத்தில் நடிப்பு இல்லை.

வெளியே தெருக்குழாய் மேடையில் உட்கார்ந்தோம். சிசிலி அவன் விரலைத் தண்ணீரில் பிடித்து, வெண்ணெய் தடவி, கிழிந்த துணியால் சுற்றினாள். எதிரே சிறை வாசலில் தூக்குமேடைக்குப் போகும் வண்டி நின்றிருந்தது. மார்ஜரிக்காகவும் மற்றவர்களுக்காகவும். சிசிலி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பயம் விலகியதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. "ஏன்டா, மாமனாரை எவனோ திட்டினான்னு கழுத்தையா கொடுப்பே? எனக்கு மாமனார் ஒருத்தர் இருக்காரு. அவரை எவனாவது திட்டினா நான் பீர் வாங்கிக் கொடுப்பேன்."

அம்ப்ரோஸ் சிரிக்க முயன்றான். வலி விடவில்லை. "கோபம் வந்துச்சு, ஜாஸ்பர். விடு."

"மேடையில அத்தனை பேரைக் குத்தியிருக்கே, ஒரு தடவைகூட நிஜமாக் கீறினதில்லை. ஈயை அடிக்கக்கூட யோசிப்பே. எனக்கு இன்னும் நம்ப முடியலை."

சிசிலி துணியின் முனையை முடிந்தாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"மேட்லாக் அப்பாவைத் திட்டவே இல்லை, அண்ணே" என்றாள்.

"சிசிலி" என்றான் அம்ப்ரோஸ்.

"இனிமே இவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. விரல்ல முத்திரை விழுந்திருச்சு. அண்ணனுக்காவது தெரியட்டும்." அவள் என்னைப் பார்த்தாள். "அப்பாவைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், கதவைச் சாத்திட்டு வான்னான். வரமாட்டேன்னேன். அவனே சாத்திட்டு வந்து என்னைப் பிடிச்சான். நான் ரொட்டி அறுத்துக்கிட்டிருந்தேன்."

வண்டிக்காரன் குதிரையைத் தட்டினான். சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் சத்தம் கடந்து போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"இவரு மாடி ஏறி வந்தப்போ அவன் செத்துக் கிடந்தான். கத்தி என் கையில இருந்துச்சு."